காந்தியடிகள் கையில் எழுதுகோல்

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் நம் வகுப்பறைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மாணவியர் பேனாக்களைக் கிறுக்கிக் கிறுக்கிப் பார்ப்பார்கள். மைப்பேனா எழுத்துக்கு அழகு தரும். ஆனால் கழுத்துப் பக்கம் கசிந்து விரலெல்லாம் நீலமாகும். பால்பாயிண்ட் பேனா கசியாது. ஆனால் அழுத்தி எழுதினால் கை வலிக்கும். ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும்; ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். எந்தப் பேனா நல்ல பேனா? கல்லாவிக் கடைத்தெருவில் பேனா வாங்க நிற்கும் சிறுமியின் மனத்தில் எழும் இக்கேள்வி, நம் தேசத்தந்தையின் மனத்திலும் எழுந்தது. அவர் வாழ்க்கையை எழுதுகோலின் வழியாகச் சற்றே பார்ப்போம்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். பள்ளியில் அவர் நடுத்தர மாணவரே. கையெழுத்தோ மிக மோசம். அழகாக எழுதுவது கல்வியின் ஒரு பகுதி என்று அந்த வயதில் அவர் எண்ணவில்லை.

ஆனால் அந்தக் கோணல் எழுத்தில்தான் அவர் தம் வாழ்வின் மிக அரிய கடிதம் ஒன்றை எழுதினார். அப்போது அவருக்கு வயது 15. தமையனார் பட்டிருந்த 25 ரூபாய்க் கடனைத் தீர்ப்பதற்காக, அவருடைய தங்கக் காப்பிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தார் மோகன்தாஸ். கடன் தீர்ந்தது, மனம் அமைதி அடையவில்லை. தந்தையாரிடம் வாய் திறந்து சொல்லத் துணிவும் வரவில்லை. எனவே ஒரு சீட்டில் செய்த குற்றத்தை ஒளிக்காமல் எழுதினார். தக்க தண்டனை வேண்டினார். இனித் திருடுவதில்லை என்று உறுதி கூறினார். நோயுற்றுப் படுத்திருந்த தந்தையின் கையில் நடுங்கியபடி அதைக் கொடுத்தார்.

தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து காகிதத்தை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்து, பிறகு சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். அடியும் இல்லை, ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதன் அருமையை நாம் திருச்சபையின் வழியாக அறிந்திருக்கிறோம். அச்சிறுவனோ அதை ஒரு துண்டுக் காகிதத்தின் வழியாக அறிந்தான். அவன் எழுதியது எந்தப் பேனாவால் என்று கேட்பாரில்லை. எழுதியது உண்மை என்பது மட்டுமே நிலைத்தது.

இலண்டன் சென்று சட்டம் பயின்ற காந்தி, 1893-இல் தென்னாப்பிரிக்கா சேர்ந்தார். அங்கே வழக்கறிஞர்களும் அந்நாட்டில் பிறந்து படித்த இளைஞர்களும் முத்து முத்தாக எழுதுவதைக் கண்டபோது அவருக்கு வெட்கமாயிற்று. திருத்திக்கொள்ள முயன்றார், காலம் கடந்துவிட்டிருந்தது. பூவையும் பறவையையும் பார்த்து வரையக் கற்ற பிறகே குழந்தை எழுத்தை எழுதக் கற்க வேண்டும், அப்போதுதான் கையெழுத்து அழகாக அமையும் என்று தம் சுயசரிதையில் கூறினார். தம் குறையை மறைக்காமல், பிறருக்குப் பாடமாக ஆக்கிவிட்ட பண்பை இங்கே காண்கிறோம். தமிழ்த் தொழிலாளருக்காக உழைத்த அந்நாட்களில் நம் மொழியையும் கற்கத் தொடங்கினார். ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கையேடு அவருக்குத் துணையாயிற்று. பிற்காலத்தில் தமிழ் எழுத்தில் தம் பெயரைக் கையொப்பமிடவும் செய்தார்.

1909 நவம்பரில் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்புகையில் நடந்தது ஒரு பெரும் எழுத்து வேள்வி. கில்டோனன் காசில் என்னும் அக்கப்பலின் தாள்களிலேயே, 13-ஆம் தேதி தொடங்கி 22-ஆம் தேதிக்குள் இந்திய சுயராஜ்யம் என்னும் நூலைக் குஜராத்தியில் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். சுமார் 275 பக்கங்களில் ஏறத்தாழ 40 பக்கங்கள் இடக்கையால் எழுதியவை! மூன்று மணி நேரத் தேர்வில் கை வலிக்கிறது என்னும் நாம் இதை எண்ணிப் பார்க்கலாம்.

1915-இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு பம்பாயில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, ஒருநாள் மேசையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். காகா காலேல்கர் என்னவென்று கேட்டார். ஒரு சிறு பென்சில் காணவில்லையாம். காலேல்கர் தம் பென்சிலைக் கொடுக்க முன்வந்தும் காந்தியடிகள் ஏற்கவில்லை. இருவரும் தேடிக் கண்டெடுத்தபோது அது இரண்டு அங்குல நீளம்கூட இல்லை! சென்னையில் ஜி. ஏ. நடேசன் அவர்களின் சிறு மகன் அன்போடு கொடுத்த பென்சில் அது. ஒரு குழந்தையின் அன்பளிப்பை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

எழுதுகோல் அவரைச் சிறைக்கும் அனுப்பியது. யங் இந்தியா இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக 1922 மார்ச் 18-இல் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறையிலிருந்த காலத்தில் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த மூதறிஞர் ராஜாஜி! ஒருவர் கையிலிருந்து வாங்கப்பட்ட எழுதுகோலை நம் மண்ணின் மைந்தர் ஏந்தினார் என்பது நமக்குப் பெருமையன்றோ?

இனி, பேனாவை அவர் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்ப்போம். அக்காலத்தில் கடைகளில் கிடைத்த நல்ல பேனாக்களும் எஃகு நிப்புகளும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் நிப்புத் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. காந்தியடிகளோ நாணல் பேனாவை விரும்பினார். நாணல் தட்டையைச் சாய்வாகச் சீவி, நுனியைப் பிளந்து, மைக்கூட்டில் தோய்த்து எழுத வேண்டும். சில சொற்களுக்கு ஒருமுறை மை தொட வேண்டும். நுனி மழுங்கினால் மறுபடி சீவ வேண்டும். ஊற்றுப் பேனாவின் வேகம் அதற்கு இல்லை. ஆனால் காசு செலவில்லை; எந்தக் கிராமத்தானும் தானே செய்துகொள்ளலாம். வழவழப்பாக எழுதுகிறதா என்பதோடு, யார் கை உழைப்பில் உருவானது என்பதையும் அவர் பார்த்தார்.

அதற்காக ஊற்றுப் பேனாவையே அவர் வெறுத்துவிடவில்லை. ஆந்திர நாட்டின் ராஜமுந்திரியில் கே. வி. ரத்தினம் என்னும் கைவினைஞர், எபோனைட் என்னும் கெட்டி ரப்பரைக் கடைந்து ஊற்றுப் பேனா செய்துவந்தார். அவர் செய்த பேனா ஒன்று, வார்தாவில் இயங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் ஜே. சி. குமரப்பா வழியாகக் காந்தியடிகளை அடைந்தது. குமரப்பா தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தமிழர். காந்தியடிகள் அப்பேனாவால் எழுதிப் பார்த்தார். பிறகே 1935 ஜூலை 16-இல் ரத்தினத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். தாம் அதைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைகளில் காணும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் தெரிவித்தார். அன்பளிப்பு என்பதற்காக அளவுக்கு மீறிப் புகழவில்லை; சோதித்தறிந்ததை மட்டும் சொன்னார். அங்கும் உண்மைதான்!

காகிதத்திலும் அவர் சிக்கனக்காரர். வந்த கடிதங்களின் வெற்றுப் புறத்தில் எழுதுவார். உறைகளைப் பிரித்து உட்புறத்தையும் பயன்படுத்துவார். 1947 ஜூன் 2, நாட்டைப் பிரிக்கும் திட்டத்தைப் பற்றி வைசிராய் மவுண்ட்பேட்டன் அவரிடம் பேசிய நாள். அன்று திங்கட்கிழமை; அவருடைய மௌன விரத நாள். நெஞ்சு வெடிக்கும் அவ்வேளையிலும் விரதம் குலையாமல், பழைய உறைகளின் பின்புறத்தில் எழுதியே பதிலளித்தார்.

1948 ஜனவரி 30-இல் அக்கைகள் ஓய்ந்தன. அவர் எழுதியவையும் பேசியவையும் ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாக வெளிவந்துள்ளன. கையெழுத்துக்காக வெட்கப்பட்டவரின் எழுத்துச் செல்வம் அது!

அன்பு மாணவியரே, பேனாக்களைச் சோதித்துப் பாருங்கள். கைக்கு இசைந்ததைத் தேர்ந்தெடுங்கள். கையெழுத்தை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். தோழியின் பேனா விலையுயர்ந்தது என்று ஏங்காதீர்கள். பெற்றோர் வியர்வை சிந்தி வாங்கித் தந்த பேனாவை, அந்த இரண்டு அங்குலப் பென்சிலைப் போலப் போற்றுங்கள். தவறு செய்துவிட்டு வாய் திறந்து சொல்ல அஞ்சும் நாளில், அதே பேனாவை எடுத்து உண்மையை எழுதி அன்னையிடமோ ஆசிரியையிடமோ கொடுங்கள். உங்களிடம் உள்ள பேனாக்களில் மிக நல்லது எது என்பது அன்று உங்களுக்கே விளங்கும்.