அலெக்சிஸ் சோயர்

அலெக்சிஸ் பெனுவா சோயர் (பெப்ரவரி 4, 1810 – ஆகஸ்ட் 5, 1858) பிரான்சு நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஆவார். சமையற் கருவிகள் பலவற்றை வடிவமைத்தவர் என்ற வகையிலும் இவர் அறியப்படுகிறார். இலண்டன் செல்வர்களின் விருந்துகளால் பெயர் பெற்ற இவர், அயர்லாந்துப் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டி ஒன்றை அமைத்தார். கிரிமியப் போரின்போது பிரித்தானியப் படைவீரர்களின் உணவைச் சீர்திருத்தினார். திறந்தவெளிப் பாசறைகளில் பயன்படுத்துவதற்காக இவர் வடிவமைத்த களஅடுப்பு, 'சோயர் அடுப்பு' என்னும் பெயரில் 100 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரித்தானியப் படையில் புழக்கத்தில் இருந்தது.

இளமை

பாரிசு நகருக்குக் கிழக்கே உள்ள மோ என்னும் ஊரில் எளிய குடும்பத்தில் சோயர் பிறந்தார். சமயக் கல்வி பெறும் பொருட்டு இளம் வயதில் தேவாலயப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். நள்ளிரவில் தேவாலய மணியை அடித்து ஊரை எழுப்பியதால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார் என்றொரு கதை வழங்குகிறது. இவரது பிற்கால இயல்பை நோக்க, அக்கதை நம்பத்தகாததாகத் தோன்றவில்லை. பின்னர்ப் பாரிசில் சமையற்காரராக இருந்த அண்ணன் பிலிப்புடன் சேர்ந்து அத்தொழிலைக் கற்றார்.

1830 ஆம் ஆண்டில் பிரான்சின் முதலமைச்சராக இருந்த பொலிஞாக்கின் சமையற்கூடத்தில் பணியில் அமர்ந்தார். அவ்வாண்டு சூலைப் புரட்சியில் அந்த அரசு கவிழ்ந்தது. சோயர் இங்கிலாந்து சென்று, அங்கே கேம்பிரிட்சு கோமகனின் மாளிகையில் பணிபுரிந்த அண்ணனுடன் இணைந்தார். அதன்பின் பிரபுக்கள் சிலரது இல்லங்களில் சமைத்தார். 1837 இல் ஓவியர் எலிசபெத் எம்மா சோன்சு என்பவரை மணந்தார்.

ரிபார்ம் கிளப் சமையற்கூடம்

1837 இல் இலண்டனின் ரிபார்ம் கிளப் சோயரைத் தலைமைச் சமையற்காரராக நியமித்தது. 1838 சூன் 28 அன்று விக்டோரியா அரசியின் முடிசூட்டு விழாவை ஒட்டி 2,000 பேருக்குக் காலையுணவு ஆக்கி அளித்தார். கிளப்பின் புதிய கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் சார்லசு பாரி வடிவமைத்தபோது சமையற்கூடத்தின் அமைப்பைச் சோயர் திட்டமிட்டார். 1841 இல் திறக்கப்பட்ட அக்கூடத்தைக் காண மக்கள் வரிசையில் வந்தனர்.

அங்கு இவர் எரிவாயு அடுப்புகளைப் பயன்படுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் எரிவாயு தெருவிளக்குக்கு உரியது. அதில் உணவு சமைப்பதைப் பலர் ஐயத்துடன் நோக்கினர். கரி அடுப்பை மூட்ட நேரமாகும்; அணைக்கவும் நேரமாகும்; இடையே தேவையில்லாதபோதும் அது எரிந்துகொண்டிருக்கும். எரிவாயுவிலோ வேண்டியபோது சுடரைக் கூட்டலாம், குறைக்கலாம், வேலை முடிந்ததும் நிறுத்தலாம். எரிபொருள் வீணாகாமல் வெப்பம் பாத்திரத்தைச் சேரவேண்டும் என்னும் இந்த எண்ணமே சோயரின் பிற்கால அடுப்புகள் அனைத்திலும் தொடர்ந்தது.

1842 ஆகஸ்டில் எம்மா பேறுகாலத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 28. இலண்டனின் கென்சல் கிரீன் இடுகாட்டில் மனைவிக்குச் சோயர் பெரியதொரு நினைவுச்சின்னம் எழுப்பினார், மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சோயர் பகட்டான மனிதர். தாம் அணியும் உடைகளைக் கோணலாக வெட்டித் தைக்கச் செய்வார். தொப்பியையும் சாய்த்தே அணிவார். எழுத்தாளர் தாக்கரே தம் 'பெண்டெனிசு' புதினத்தில் வரும் பிரெஞ்சுச் சமையற்காரரை இவரை முன்மாதிரியாகக் கொண்டே படைத்தார்.

அயர்லாந்துப் பஞ்சம்

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து கடும் பஞ்சம் ஏற்பட்டது. 1847 இல் அரசின் வேண்டுகோளை ஏற்றுச் சோயர் டப்ளின் சென்றார். அங்குப் படைக் குடியிருப்புக்கு முன்பாக மரத்தாலும் கித்தானாலும் ஆன கொட்டகை ஒன்றை எழுப்பினார். 300 கேலன் கொள்ளும் ஒரு பெரிய கொதிகலன் அதன் நடுவே இருந்தது. மணி அடித்ததும் 100 பேர் உள்ளே நுழைவர். கிண்ணங்களில் ஊற்றிவைத்த சூப்பை உண்பர். அவர்கள் வெளியேறியதும் அடுத்த 100 பேர் வருவர். கரண்டிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. இம்முறையில் நாள்தோறும் பல ஆயிரம் பேருக்கு உணவளிக்க முடிந்தது.

எனினும் இப்பணி கடும் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. இவர் வெளியிட்ட முதற் சூப்புக் குறிப்பில் 2 கேலன் (ஏறத்தாழ 9 லிட்டர்) நீருக்குக் கால் இறாத்தல் (ஏறத்தாழ 113 கிராம்) இறைச்சியே இருந்தது. மாவும் பார்லியும் வெங்காயமும் சேர்ந்தாலும் அது பட்டினி கிடந்த உடலுக்குப் போதாது என மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். அக்கண்டனம் சரியானதே. தொடக்க நாளில் ஏழைகள் உண்பதைச் செல்வர்கள் வந்து வேடிக்கை பார்த்ததும் இழிவாகக் கருதப்பட்டது. சத்தில் குறை இருந்தாலும் ஒரே அடுப்பில் குறைந்த எரிபொருளில் பெருந்திரளுக்குச் சமைப்பது எப்படி என்பதைச் சோயர் இங்குத்தான் கற்றுக்கொண்டார்.

மாய அடுப்பு

1849 இல் 'மாய அடுப்பு' என்னும் பெயரில் மேசைமீது வைத்துச் சமைக்கத்தக்க ஒரு சிறிய அடுப்பைச் சோயர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதில் எரிசாராயம் பயன்பட்டது. சிறு விளக்கொன்று மூடிய கலத்திலுள்ள சாராயத்தைச் சூடாக்கும். அதிலிருந்து எழும் ஆவி மெல்லிய குழாய் வழியே பீறிட்டு, சட்டியின் அடியில் வலிமையான சுடராக எரியும். நீர்ம எரிபொருளை அப்படியே எரிப்பதைவிட ஆவியாக்கி எரித்தால் சுடர் கூடுதல் வெப்பம் தரும். பிற்காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளிலும் பரவிய மண்ணெண்ணெய்ப் பம்பு அடுப்பில் எரிபொருள் ஆவியாகிச் சிறு துளை வழியே வெளிவந்து எரிவதும் இதே கருத்தைச் சார்ந்ததே. பயணிகளும் சுற்றுலா செல்வோரும் மாய அடுப்பை விரும்பி வாங்கினர்.

1850 இல் ரிபார்ம் கிளப் பணியிலிருந்து விலகினார். 1851 இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்கு வருவோரை எதிர்பார்த்து, அருகிலிருந்த கோர் மாளிகையில் மாபெரும் உணவகம் ஒன்றை நடத்தினார். அதில் ஏறத்தாழ 7,000 பவுண்டு இழந்தார். அடுத்த சில ஆண்டுகள் நூல்கள் எழுதுவதில் கழிந்தன. ஏழைகளுக்காக 1854 இல் வெளியிட்ட ஒரு சில்லிங் விலைச் சமையல் நூல் பெருமளவில் விற்றது.

கிரிமியப் போர்

1854 இல் பிரித்தானியா, பிரான்சு, துருக்கி ஆகியவை ஒருபுறமும் உருசியா மறுபுறமுமாகக் கிரிமியாவில் போர் நடந்தது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் பிரித்தானிய வீரர்கள் போரிட்டு மடிந்ததைவிட நோயாலும் குளிராலும் ஊட்டமின்மையாலும் பல மடங்கு மிகுதியாக மடிந்தனர். 'தி டைம்சு' நாளிதழ் இந்நிலையை வெளிப்படுத்திற்று. 1855 பெப்ரவரியில் சோயர் அவ்விதழுக்குக் கடிதம் எழுதி, ஊதியமின்றிப் போர்க்களம் சென்று மருத்துவமனைச் சமையலைச் சீர்படுத்த முன்வந்தார். அரசு இசைந்தது. புறப்படுமுன் களஅடுப்பின் மாதிரியையும் ஆயத்தம் செய்துகொண்டார்.

மார்ச் மாதத்தில் ஸ்கூட்டாரி (இன்றைய இசுதான்புல் நகரின் உஸ்குதார் பகுதி) வந்து சேர்ந்தார். அங்குப் பிளாரன்சு நைட்டிங்கேல் 1854 நவம்பர் முதல் செவிலியர் குழுவை நடத்திவந்தார். மருத்துவமனைச் சமையற்கூடத்தில் சோயர் கண்ட நிலை பின்வருமாறு இருந்தது. ஒவ்வொரு குழுவினரும் தங்கள் பங்கு இறைச்சியை மரக்கட்டையில் கட்டிப் பொது அண்டாவில் இறக்குவர். தம் பங்கை அடையாளம் காண்பதற்காகப் பழைய பொத்தான், துணிக்கிழிசல், உடைந்த கத்தரிக்கோல் போன்றவற்றை அதில் கட்டிவிடுவர். இறுகக் கட்டியதால் வெளிப்புறம் குழைந்து உட்புறம் வேகாமல் நிற்கும். இறைச்சியை எடுத்தபின், சத்தெல்லாம் இறங்கிய நீரைக் கீழே கொட்டிவிடுவர். தேயிலையையும் துணியில் முடிந்து, சற்றுமுன் இறைச்சி வெந்த பாத்திரத்திலேயே கொதிக்கவிட்டனர்.

செப்பு அண்டாக்களில் ஈயப்பூச்சு தேய்ந்து போயிருந்தது. ஈயம் பூசாத செம்பில் களிம்பு ஏறி உணவு நஞ்சாகும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. சோயர் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று அண்டாக்களுக்கு ஈயம் பூசச் செய்ததாகும். பின் இறைச்சியைத் தளர்வாகக் கட்டச் செய்தார். வெந்த நீரை வீசாமல் சூப்பாக்கினார். மேலே மிதந்த கொழுப்பை வழித்துச் சமையலுக்குப் பயன்படுத்தினார். தேயிலையை வடிகட்டும் குழல் பொருத்திய கெண்டி ஒன்றை வடிவமைத்தார். நோயாளிகளுக்கான உணவுகளின் அளவுகளையும் செய்முறைகளையும் எழுதிக்கொடுத்தார். முறைவைத்து வீரர்கள் மாறிமாறிச் சமைப்பதைக் கைவிட்டு, பயிற்சி பெற்ற நிலையான சமையற்காரர்களை அமர்த்த வேண்டும் என வலியுறுத்தினார். அரசு வழங்கிய அதே பொருள்களைக் கொண்டே இவை யாவும் செய்யப்பட்டன.

1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் சேர்ந்தோரில் 100க்கு 42 பேர் இறந்தனர். கோடைக்குள் இது பெரிதும் குறைந்தது. இதற்குச் சமையல் மாற்றமே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. அதே மார்ச் மாதத்தில் வந்த துப்புரவுக் குழுவினர் சாக்கடைகளையும் குடிநீரையும் தூய்மைப்படுத்தியதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. பிழைத்த நோயாளிகள் உடல் தேறியதில் சோயரின் உணவுக்குப் பங்குண்டு எனலாம்.

களஅடுப்பு

மே மாதத்தில் சோயர் நைட்டிங்கேலுடன் பாலக்லாவாவுக்குச் சென்றார். பாசறைகளில் நிலைமை வேறாக இருந்தது. ஒவ்வொரு வீரரும் சிறு தகரக் குவளையில், திறந்த நெருப்பில், தம் உணவைத் தாமே சமைத்தார். மழையிலும் காற்றிலும் நெருப்பு நிற்காது. விறகோ அரிது, புதர்களின் வேர்களைக்கூட வீரர்கள் தோண்டி எரித்தனர். மூட்டிய நெருப்பின் ஒளி இரவில் எதிரிக்கு இலக்குக் காட்டியது. பலர் உப்பிட்ட இறைச்சியைப் பாதி வெந்தும் வேகாமலும் உண்டு வயிற்றுப்போக்குக்கு ஆளாயினர்.

சோயரின் அடுப்பு மெல்லிய இரும்புத் தகட்டால் ஆன நிமிர்ந்த உருளை ஆகும். அதன் கீழ்ப்பகுதி கதவுடன் கூடிய எரியறை. மேற்பகுதியில் மூடியுள்ள அண்டா உள்ளே இறங்கி அமரும். புகை ஒரு குழாய் வழியே வெளியேறும். நெருப்பு நாற்புறமும் மூடப்பட்டிருப்பதால் வெப்பம் காற்றில் சிதறாமல் அண்டாவைச் சூழ்ந்து நிற்கும், மழை அணைக்காது, ஒளியும் வெளியே தெரியாது. விறகு, நிலக்கரி, சாணம் என எதுவும் எரிபொருளாகலாம். ஓர் அடுப்பில் ஏறத்தாழ 50 பேருக்குச் சமைக்கலாம். அதற்கு 12 முதல் 15 இறாத்தல் (5.5 முதல் 7 கிலோகிராம்) விறகு போதும் என்பது சோயரின் கணக்கு. கோவேறு கழுதையின் இருபுறமும் இரண்டு அடுப்புகளைக் கட்டி, அவற்றினுள்ளேயே உலர்ந்த விறகையும் ஏற்றிச் செல்லலாம்.

பழுதடையத்தக்க நுண்ணிய உறுப்பு எதுவும் இதில் இல்லை. அண்டாவைத் தூக்கி வெளியே எடுத்துக் கழுவலாம். சாம்பலைக் கதவு வழியே வாரலாம். புகைக்குழாயில் கரி படிந்து நெருப்பு மந்தமானால் குழாயைத் தட்டித் துடைத்தால் போதும். போர்க்களத்தில் கொல்லரைத் தேடி அலைய முடியாது என்பதை நோக்க, இந்த எளிமையே அடுப்பின் தலையாய சிறப்பு எனலாம்.

அடுப்பை மட்டும் கொடுத்து அவர் அமையவில்லை. அதைப் பயன்படுத்தும் முறையையும் எழுதிக்கொடுத்தார். 50 பேருக்கு 50 இறாத்தல் உப்பிட்ட இறைச்சியை இரவு முழுதும் நீரில் ஊறவைக்க வேண்டும்; காலையில் கழுவிப் புதுநீர் ஊற்றி, 3 மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும்; மேலே திரளும் கொழுப்பை எடுத்து ஆறவைத்தால் வெண்ணெய்க்கு ஈடாகும். கொதி வந்தபின் நெருப்பைக் குறைக்கவேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பக் கூறியது. பெருநெருப்பு விறகை வீணாக்கும், இறைச்சியையும் கடினமாக்கும்.

1855 ஆகஸ்ட் இறுதியில் செவஸ்தோபோல் முன்னிருந்த பாசறையில், தளபதிகள் பலர் முன்னிலையில், களஅடுப்புகளில் சமைத்துக் காட்டினார். வீரர்களுக்கு வழங்கப்படும் அதே உணவுப்பொருள்களையே பயன்படுத்தினார். அதன்பின் படைப்பிரிவுகள் இவ்வடுப்பை ஏற்றுக்கொண்டன. அங்கு விடுதி நடத்திய சமேக்காப் பெண்மணி மேரி சீகோலும் இவருக்கு நட்பானார். இதற்கிடையே சோயர் தாமே கிரிமியக் காய்ச்சலுக்கு ஆளாகி உயிர்பிழைத்தார். இழந்த உடல்நலம் முழுதாகத் திரும்பவில்லை.

இறுதிக்காலம்

1857 இல் இங்கிலாந்து திரும்பிய சோயர், போர்க்கள நினைவுகளையும் செய்முறைகளையும் ஒரு நூலாக வெளியிட்டார். 1858 மார்ச்சில் படையினர், கடற்படையினர் உணவு பற்றி இலண்டனில் விரிவுரை ஆற்றினார். வெலிங்டன் படைக்குடியிருப்பில் அவர் அமைத்த மாதிரிச் சமையற்கூடம் சூலை இறுதியில் திறக்கப்பட்டது. சில நாட்களில், ஆகஸ்ட் 5 அன்று, 48 ஆம் வயதில் காலமானார். நைட்டிங்கேல் இம்மறைவைப் பேரிழப்பாகக் கருதினார். சோயர் கடனாளியாகவே இறந்தார். அவரது உடைமைகள் கடன்காரரைச் சேர்ந்தன. உடல் கென்சல் கிரீனில் மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

களஅடுப்பு சிறு மாற்றங்களுடன் இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான நகரங்களில் வீடிழந்தோருக்குச் சமைக்கவும் இவ்வகை அடுப்புகள் உதவின. 1982 இல் நடந்த பாக்லாந்துப் போரின்போதும் பிரித்தானியப் படையினரிடம் சோயர் அடுப்புகள் இருந்தன.