ஹென்றி மோஸ்லி

புதியதொன்று கண்டோம் என்று கூறுதல் யார்க்கும் எளிது. அது புதியதே என்று பிறர் ஐயமற நாட்டுதல் அரிது. மூலகங்களை ஆராயும் அறிஞர்க்கு இவ்வரிய செயலில் உதவும் உரைகல் ஒன்றை அமைத்துத் தந்துவிட்டு, 27-ஆம் வயதிலேயே மறைந்தவர் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

மோஸ்லி 1887-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார், சாலஞ்சர் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிக் கடலாராய்ந்த குழுவினருள் ஒருவர். பின்னர் ஆக்ஸ்போர்டிற் பேராசிரியராய் விளங்கியவர். மைந்தருக்கு நான்கு வயது நிரம்புமுன்னரே அவர் காலமானார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டுத் திரித்துவக் கல்லூரியிலும் பயின்ற மோஸ்லி, 1910-ல் பட்டம் பெற்று, மான்செஸ்டரில் ரதர்போர்டு என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார்.

அந்நாளில் மூலகங்கள் பெரும்பாலும் அணுநிறையின் முறைப்படியே வரிசைப்படுத்தப்பட்டன. அவ்வரிசையிற் குறைகளும் இருந்தன. நிக்கலினும் கோபால்ட்டு நிறை மிக்கது. ஆயினும் குணங்களை நோக்கின், கோபால்ட்டே முன்னிற்றல் வேண்டும். அருமண் மூலகங்களோ, ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. அவை எத்துணை என்பதையே எவரும் அறுதியிட்டுக் கூறக்கூடவில்லை. ஒருவர் புதிதெனக் காட்டியதை மற்றொருவர் பழையவற்றின் கலவை என்று மறுத்தனர்.

இக்குழப்பத்தை 1913-ல் மோஸ்லி தீர்க்கத் தொடங்கினார். காற்றகற்றிய கண்ணாடிக் குழாயினுள், சிறு தண்டவாளத்தின்மேல் ஓடும் வண்டியில் மூலகங்களை வரிசையாக வைத்தார். பட்டுத் தூண்டிற்கயிற்றால் வண்டியை இழுத்து, ஒவ்வொன்றின்மீதும் எதிர்மின் கதிர்களை மோதச் செய்தார். அப்பொழுது எழுந்த எக்ஸ் கதிர்களைப் படிகத்தாற் பகுத்துப் புகைப்படத் தகட்டிற் பதித்தார். ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டியது. அக்கோடுகளின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் கண்டபோது, அது ஒரு மூலகத்திலிருந்து அடுத்ததற்கு ஒரே அளவான படியாக ஏறிச் செல்வது புலனாயிற்று. அப்படியே அணுவின் கருவிலுள்ள மின்னேற்றத்தின் எண் என்று அவர் தெளிந்தார். கோபால்ட்டு 27, நிக்கல் 28, பழைய வழக்கு ஒழிந்தது. 13-ஆவதாகிய அலுமினியம் முதல் 79-ஆவதாகிய தங்கம் வரை எண்ணிச் சென்றவர், 43, 61, 75 ஆகிய இருக்கைகள் வெறுமையாய்க் கிடப்பதையும் சுட்டினார்.

பாரிஸ் நகரத்து உர்பேன், அருமண் ஆராய்ச்சியில் தலைசிறந்தவர். செல்டியம் என்னும் புதிய மூலகத்தைக் கண்டதாக 1911-ல் அறிவித்த அவர், 1914-ல் தம் பொருள்களுடன் ஆக்ஸ்போர்டுக்கு வந்து, அவற்றை அவ்விளைஞரிடம் ஒப்புவித்தார். பல்லாண்டு உழைப்பின் பயன் சில நாட்களிற் சோதிக்கப்பட்டது. அறிந்த மூலகங்களின் கோடுகள் உரிய இடங்களில் நின்றன. 72-ஆம் எண்ணுக்குரிய கோடுகள் மட்டும் காணப்படவில்லை. மெய்யான 72-ஆம் மூலகமாகிய ஹாப்னியம், மோஸ்லி காட்டிய வழியிலேயே 1923-ல் கோபன்ஹேகனில் அறியப்பட்டது.

1914-ல் பெரும்போர் மூண்டபோது, மோஸ்லி அன்னையாருடன் ஆஸ்திரேலியாவுக்கு அறிஞர் கழகக் கூட்டத்தின்பொருட்டுச் சென்றிருந்தார். தாயகம் மீண்டு, தாமே முன்வந்து படையிற் சேர்ந்தார். 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், கல்லிப்போலியில் தொலைபேசி வாயிலாகக் கட்டளை அறிவித்துக்கொண்டிருக்கையில் குண்டு பட்டு மாண்டார். தம் உடைமையை ஆராய்ச்சியின் பொருட்டு ராயல் கழகத்துக்கு அளிப்பதாக, போர்க்களத்திலேயே உயில் எழுதி வைத்திருந்தார். அத்தகைய அறிவைப் போர்முனைக்கு அனுப்பியதை ரதர்போர்டு வெளிப்படையாக எழுதி வருந்தினார். அவ்விளைஞரின் ஈகத்தை நாமும் போற்றுகின்றோம். அவரைப் பலிகொண்ட போரைப் போற்ற நம் நெஞ்சம் இசையவில்லை.

அவர் விட்டுச்சென்ற முறை அவருடன் மடியவில்லை. மிகக் கனத்த மூலகங்களை இக்காலத்தார் செயற்கையாகவே ஆக்குகின்றனர். சிற்சில அணுக்களே தோன்றி, விரைவில் சிதைந்து மறைகின்றன. இன்னதெனத் துணிவது எளிதன்று. 104-ஆம் மூலகத்தைத் தாமே முதலிற் கண்டதாக ருஷ்யரும் அமெரிக்கரும் நெடுநாள் வழக்காடினர். 1973-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தார், அம்மூலகம் ஆல்பாத் துகளை உமிழும் வேளையிலேயே நோபெலியத்தின் எக்ஸ் கதிர்கள் எழுதலைக் கண்டனர். எஞ்சியது 102 என்றால், இரண்டை இழக்குமுன் இருந்தது 104 அன்றோ? அம்மூலகத்துக்கு 1997-ல் ரதர்போர்டியம் என்னும் பெயர் உறுதியாயிற்று. ஆசிரியர் பெயர் தாங்கிய மூலகத்துக்கு மாணாக்கர் வகுத்த முறையே சான்று பகர்ந்தது. 115-ஆம் மூலகத்துக்கும் அத்தகைய கதிர்களை 2013-ல் ஜெர்மானிய ஆய்வுக்கூடம் ஒன்றில் தேடினர்; கிடைத்தவை மிகச் சில ஆதலின், அவை முடிவுக்குப் போதவில்லை.

படைப்பினுள் இறைவன் அமைத்த ஒழுங்கை நாடுவோர்க்கு முதற்கண் வேண்டுவது மெய்க்கு அஞ்சும் நெஞ்சம். தம் கண்டுபிடிப்பைத் தாமே கொணர்ந்து சோதனைக்கு வைத்த முதியவரும், உள்ளதை உள்ளவாறே உரைத்த இளையவரும் அந்நெஞ்சம் உடையவர்கள். கல்லூரியிற் பயிலும் நாம் அவ்விருவரிடமும் கற்றற்குரியது அதுவே.