ஒரே கிருமி, இரண்டு குணம்: கண்டுபிடித்த சம்பு நாத் டே யார்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வயிற்றுப்போக்குன்னு அரசு மருத்துவமனைக்குப் போனா, முதலில் கையில் கொடுப்பது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான். உடம்பு இழந்த நீரைத் திருப்பிக் கொடுப்பதுதான் முக்கியம் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்த நீர் ஏன் வெளியேறுகிறது? இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் சம்பு நாத் டே.

மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915-ல் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவம் படித்து, 1949-ல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, ஊர் திரும்பினார். அப்போது வங்கத்தில் காலரா உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது.

முயல் குடலில் சோதனை

காலரா கிருமியை ராபர்ட் கோக் 1884-லேயே கொல்கத்தாவில் அடையாளம் கண்டுவிட்டார். ஆனால் அது எப்படி ஆளைக் கொல்கிறது என்பது பல பத்தாண்டுகள் ஆகியும் புரியவில்லை. டே செய்தது எளிமையான வேலை. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். அந்தப் பகுதி மட்டும் நீர் கோர்த்து வீங்கியது. இது 1953-ல் வெளியானது.

பார்க்க ஒன்று, வேலை வேறு

அடுத்து அவர் கையிலெடுத்தது ஈ.கோலை. நம்ம எல்லோர் குடலிலும் சாதாரணமா இருக்கிற பாக்டீரியா இது. அப்புறம் எப்படி சிலருக்கு மட்டும் காலரா மாதிரி போகிறது? நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை வகைகளை அதே சோதனையில் ஒப்பிட்டார். சில வகைகள் குடலை வீங்க வைத்தன. சில ஒன்றுமே செய்யவில்லை. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான்! தோற்றத்தை வைத்து மட்டும் பிரித்தால் போதாது, என்ன செய்கிறது என்றும் பார்க்கணும் என்பதை 1956-ல் வந்த அந்த ஆய்வு காட்டியது. நச்சு சுரக்கும் ஈ.கோலை பின்னாளில் தனி வகையாகவே பிரிக்கப்பட்டது.

1959-ல், கிருமியையே வடிகட்டி நீக்கிய திரவமும் குடலை வீங்க வைக்கிறது என நிரூபித்தார். அதாவது, நீரை வெளியேற்றுவது கிருமி சுரக்கும் நச்சு. இது 'நேச்சர்' இதழில் வந்தது.

தாமதமாக வந்த மரியாதை

நோபல் பெற்ற விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க், டேயின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1978-ல் நோபல் அறக்கட்டளையின் காலரா கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. உள்நாட்டில் பெரிய விருது எதுவும் இல்லாமலே 1985-ல் காலமானார்.

வயிற்றுப்போக்கு மாதிரிகளைச் சோதிக்கும் பெரிய ஆய்வகங்கள், ஈ.கோலை என்றதோடு நிற்காமல் அது நச்சு சுரக்கும் வகையா என்றும் இன்று பார்க்கின்றன. அந்தக் கேள்வியின் தொடக்கம், கொல்கத்தாவில் நூலால் கட்டிய ஒரு முயல் குடல்.