கல்லைக் கற்ற அறிஞர்

நம் நாட்டின் தொன்மையை ஏடும் கல்வெட்டும் மட்டுமன்றி, எழுத்தற்ற கற்களும் எடுத்துரைக்கின்றன. அவற்றின் பெருமையை முதன்முதல் உணர்ந்தவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் ஆவார்.

இவர் 1834-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள செல்டனம் என்னும் ஊரில் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் பணியாற்றலானார். திருப்பெரும்பூதூரைச் சூழ்ந்த, பண்டைச் செடிகொடிகளின் சுவடு பதிந்த பாறை அடுக்குகளையும் இவர் ஆராய்ந்து எழுதினார்.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டார். பிறர் கண்ணுக்கு அது வெறுங்கல். இவர் கண்ணுக்கோ மனிதன் செதுக்கிய கருவி. பிரான்சு நாட்டில் கிடைத்த பழங்கற்கருவிகளைப் பற்றி இவர் முன்னரே அறிந்திருந்தார். அவ்வறிவே இங்கும் துணை நின்றது. அவ்வாண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பவருடன் அத்திரம்பாக்கத்திலும் கற்கோடரிகளைக் கண்டறிந்தார்.

1891-இல் ஓய்வு பெற்ற பின்னரும் இவரது தேடல் ஓயவில்லை. அரிதின் தொகுத்த பொருள்கள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றைப் பற்றி இவர் எழுதிய விளக்கநூல், 1912-இல் இவர் மறைந்த பின்னரே வெளிவந்தது.

அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையவை என்பது 2011-இல் வெளிவந்த ஆய்வின் முடிவு. நம் மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே, அக்கோடரிகளைச் செய்தோர் நமக்கு முற்பட்ட வேறு மனித இனத்தார். அவர்களைத் தமிழர் என்று கொண்டாடுதல் பொருந்தாது.

பின்னாளில் மக்கள் இடம்பெயர்ந்த வழிகளை அறிய, பண்டை எலும்புகளில் எஞ்சிய மரபணு உதவுகின்றது. அரியானாவிலுள்ள இராகிகடியில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த ஒரு பெண்ணின் மரபணுவை ஆய்ந்து, 2019-இல் அறிஞர் முடிவு வெளியிட்டனர். வடமேற்குப் புல்வெளி மக்களின் கலப்பு அவளிடம் காணப்படவில்லை. இன்றைய இந்தியர் பலரிடம் காணப்படுகின்றது. எனவே, அக்கலப்பு பிற்காலத்தே நேர்ந்தது என்பர். ஆயினும் அவள் எம்மொழி பேசினாள் என்பதை எலும்பு உரைப்பதில்லை. மொழியின் உறவை மொழியைக் கொண்டே ஆராய்தல் வேண்டும். கல் கூறுவது ஒன்று. குருதி கூறுவது வேறொன்று. சொல் கூறுவது மற்றொன்று. ஒன்றன் சான்றை மற்றொன்றன் வாயில் வைத்துப் பேசுதல் அறிவுடைமை ஆகாது.

மாணவர்களே! பல்லாவரத்துக்கு மேற்கே, வல்லம் வடகால் முதலிய ஊர்களில் இன்று தொழிற்சாலைகள் எழுகின்றன. அவற்றுக்காக மண் அகழப்படுகின்றது. பூட் கண்ட முதற் கருவியும் மனிதர் வெட்டிய குழியிலேதான் கிடந்தது. அகழ்ந்த மண்ணைக் கடந்து செல்லும்போது சற்றே நின்று நோக்குங்கள். கண்டதைக் கண்டவாறே குறித்து வையுங்கள்.