பிள்ளையவர்களின் கவி விரைவும் கல்விப் பயிற்சியும்

திருவாவடுதுறை யாதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் பெயரைக் கேட்டவளவில் நம்மனோர்க்கு முதற்கண் நினைவில் எழுவது அவர்கள் கவி பாடிய விரைவேயாம். அது பிறவியிலேயே வாய்த்த வரமென்று கூறி அமைவாரும், வெறும் பழக்கத்தின் பயனென்று கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றும் தனித்து நின்று உண்மையைத் தொடா என்பது நம் கருத்து. இவர்களுடைய சரித்திரத்தை மாணாக்கராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டு உதவினார்கள். அதனுள் நூற்பட்டியைக் காட்டிலும் இளமைக் கல்விப் பகுதியே பலகாலும் படித்தற்குரியது.

பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் நாள் திரிசிரபுரத்தை அடுத்த எண்ணெய்க்கிராமத்தில் தோன்றினார்கள். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, முதலாசிரியரும் அவரே. அக்காலத்துத் திண்ணைக் கல்வியில் எண்சுவடியும் அந்தாதியும் சதகமும் நிகண்டும் பொருள் விளங்கு முன்னரே நெட்டுருவாகி விடும். இதனை இக்காலத்தார் பயனற்ற சுமையென்று இகழ்வர். அவர் ஒன்று காணல் வேண்டும். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒரு சொற் பல்பொருள் கூறுவது. அதன்கண் சொற்கள் எதுகை பற்றியே நிரல்படுத்தப் பெற்றுள்ளன. அதனை நாவில் நிறுத்திய சிறுவனுக்குச் சொற்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றிச் சிதறிக் கிடவா. ஓரெதுகையை நினைத்த மாத்திரத்தில் அவ்வினத்துச் சொற்களெல்லாம் பொருளோடு திரண்டு வந்து நிற்கும். பிறர் தேடித் திரியுங்கால் இவன் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பான். விரைவு என்று நாம் வியப்பதிற் பெரும்பகுதி இத்தேடுதல் ஒழிந்தமையேயாம்.

தந்தையார் மறைந்தபோது பிள்ளையவர்களுக்கு வயது பதினைந்து அளவினதே. பின்னர்க் கற்ற வகை பெரிதும் உள்ளத்தை உருக்குவது. தண்டியலங்காரம் பாடங்கேட்க விரும்பிய இவர்களுக்கு அதனை அறிந்தவர் ஒரு பரதேசி என்பது தெரிய வந்தது. அவர் வீதிதோறும் பிச்சைக்குச் செல்லுங்கால் தாமும் உடன் நடந்து, அவர் வேண்டுவன உதவி, அந்நூலைக் கேட்டுத் தெளிந்தார்கள். அமர்ந்து ஏடு விரித்துப் படித்தற்கு இடமில்லாத பாடம் அது. கேட்ட பொழுதே மனத்திற் பதித்துக் கொண்டாலன்றிப் பயனில்லை. நூல்கள் அரிய அக்காலத்தில் மறதி என்பது இழப்பாகவே முடியும். இன்று அலமாரி நிறைய நூல்களை வைத்திருக்கும் நாம் இத்தகைய கூர்த்த கவனத்தை எங்ஙனம் பெறுவோம்! பின்னும் காஞ்சீபுரம் சபாபதி முதலியார் முதலாய பெரியோர் பலரை அடைந்து, ஐயங்களை வினவித் தெளிந்தார்கள்.

இங்ஙனம் பல்லாண்டு பயின்றதன் விளைவை மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் இருந்தோர் கண்ணாரக் கண்டனர். தல புராணம் பாடும்போது வடமொழி வரலாற்றைத் தமிழ் வசனமாக முன்னரே அமைத்து வைத்துக் கொள்வார்கள். பின்னர் ஏடும் எழுத்தாணியுமாக ஒருவர் அருகிருக்க, முன்னெழுதிய படியொன்றும் இன்றி, செய்யுளை மனத்திலேயே முடித்துச் சொல்லி வருவார்கள். இடையே நின்ற பகுதியைச் சில நாள் கழித்துத் தொடங்கவேண்டின், இறுதிச் செய்யுட்களைப் படிக்கக் கேட்ட அளவில் மேலே செல்லும். இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட தல புராணங்கள் பிறந்தன. மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுதலும் ஓயவில்லை. ஆதீனத் தலைவராகிய ஸ்ரீ அம்பலவாண தேசிகரவர்கள் மகாவித்துவான் என்னும் பட்டத்தை அளித்தது முற்றும் பொருத்தமே.

இனிச் சித்தாந்த முறையில் நோக்குவாம். ஆன்மா இயல்பில் அறிவுடையதாயினும் ஆணவத்தான் மறைப்புண்டு கிடப்பது. கலை அம்மறைப்பைச் சிறிதே நீக்கிக் கிரியையை எழுப்ப, வித்தை அறிவை விளக்க, அராகம் இச்சையை ஏவுகின்றது. ஆதலின் பயிற்சி புதியதோர் அறிவை ஆக்கித் தருவதன்று; உள்ள அறிவு செல்லும் வழியைச் செம்மை செய்வது. அந்தக்கரணங்கள் கருவிகளே. எப்பொருளில் உழைப்பித்தோமோ அப்பொருளில் அவை கூர்மையுறும். ஒன்றிற் பெற்ற கூர்மை ஏனையவற்றிற்குத் தானே பரவும் என்று எதிர்பார்த்தல் பிழை. சதுரங்க வல்லாரை ஆராய்ந்து சேசு, சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1973-இல் வெளியிட்டதும் இதனோடு ஒத்துள்ளது. ஆட்டத்தில் உண்மையாக நிகழும் நிலைகளை நொடிப்பொழுதில் நினைவிற் கொண்ட அவ்வல்லார், காய்களை மனம்போனவாறு பரப்பிக் காட்டியபோது ஏனையோரினும் சிறந்தாரல்லர்.

பிள்ளையவர்கள் வாழ்க்கையிலும் இதனைக் காணலாம். எத்துணை நுணுக்கமான சிலேடையையும் கணத்தில் அமைக்க வல்ல அவர்களுக்கு வரவுக்குச் செலவை அடக்கும் வகை இறுதிவரை கைவரவில்லை. வந்த பொருள் மாணாக்கர்க்கு உணவாயிற்று, கடனோ ஒழிந்தபாடில்லை. இதனைக் குறையென்று கூற நமக்கு நா எழவில்லையேனும், மறைத்துக் கூறுதலும் முறையன்று.

1871-இல் பதினாறு வயதினராய் வந்து சேர்ந்த சாமிநாதையர், ஆசிரியருடன் இருந்து கற்றவர். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் நாள், திருவாவடுதுறையில், பிள்ளையவர்கள் கிறிஸ்தவராகிய மாணாக்கர் சவேரிநாத பிள்ளையின் மார்பிற் சாய்ந்திருந்தார்கள். பல்லாயிரஞ் செய்யுட்களைத் தங்குதடையின்றிச் சொல்லிய வாய் தளர்ந்திருந்தது. குறிப்பறிந்து சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப் பத்தைப் படிக்க, அதனைக் கேட்டவாறே சிவபதம் எய்தினார்கள்.