நடுவில் நின்ற ஓர் எழுத்து

படிவம் ஒன்றை நிரப்பத் தெரியாமல் விழித்த அனுபவம் நம் மன்றத்து நண்பர்கள் பலருக்கும் இருக்கும். தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்ததும், குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். நமக்கு இருப்பதோ ஒரு பெயர். அதன் முன்னால் தந்தையைக் குறிக்கும் ஓர் எழுத்து. வேறு வழியின்றி அந்த எழுத்தை நான் விரித்து எழுதினேன். அன்று முதல் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். ஊரிலிருக்கும் அப்பாவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த மனக்குறையோடு இருந்த நாளில்தான், தேர்வு முடிந்த ஓரிரவு, விடுதி நண்பர்கள் சிலர் கூடி 'டபிள் இண்டெம்னிட்டி' என்ற பழைய ஹாலிவுட் குற்றப் படத்தைப் பார்த்தோம். அதில் நடித்த எட்வர்ட் ஜி. ராபின்சனின் பெயர் என் கண்ணில் தைத்தது. நடுவே நிற்கும் அந்த 'ஜி' எதற்கு? தேடிப் படித்தேன். அந்த ஓர் எழுத்துக்குள் ஒரு வாழ்க்கையே அடங்கியிருக்கக் கண்டேன்.

அவர் 1893 டிசம்பர் 12-ஆம் நாள் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இமானுவேல் கோல்டன்பர்க். வீட்டில் பேசிய மொழி யித்திஷ். யூதர்மீது வெறுப்பு மண்டிக் கிடந்த நாடு அது. கலகக் கும்பலொன்று அவருடைய அண்ணனைத் தாக்கியது. இனி இங்கே வாழ்வில்லை என்று குடும்பம் கப்பலேறியது. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் வந்திறங்கியபோது சிறுவனுக்கு வயது பத்து, ஆங்கிலம் தெரியாது. கற்றான், கல்லூரி வரை சென்றான், உதவித்தொகை பெற்று நாடகக் கலைக்கழகத்தில் சேர்ந்தான்.

அங்கே இடையூறாக வந்தது பெயர். அமெரிக்க நாடக மேடைக்கு அது அந்நியமாக ஒலித்தது. பிழைக்க வந்த இளைஞர் பெயரை மாற்றினார்; ஆனால் முழுவதும் விட்டுவிடவில்லை. ராபின்சன் என்பது உலகுக்கு. நடுவே நின்ற 'ஜி' கோல்டன்பர்க் குடும்பத்துக்கு. நாம் தந்தையை ஓர் எழுத்தாக்கிச் சுமப்பது போலவே அவரும் சுமந்தார்.

பல ஆண்டுகள் மேடையில் உழைத்த பிறகு, 1931-ல் 'லிட்டில் சீசர்' அவரை உலகறியச் செய்தது. மெர்வின் லெராய் இயக்கிய அப்படத்தில், சுட்டும் மிரட்டியும் கூட்டத் தலைவனாக உயரும் ரிக்கோ என்னும் கொள்ளைக்காரனாக அவர் நடித்தார். குள்ள உருவம், தடித்த உதடு, கையில் சுருட்டு, கண்டவர் நடுங்கினர். வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வாராம்! இமைகளை ஒட்டி வைத்துப் படமெடுத்தார்களாம். திரையில் கொலைகாரர், வீட்டிலோ செசான், வான் கோ, கோகேன் ஆகியோரின் ஓவியங்களைச் சேர்த்துக் கண்குளிரக் கண்டுகொண்டிருந்த கலைஞர்.

1944-ல் வந்தது 'டபிள் இண்டெம்னிட்டி'. இட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த பில்லி வைல்டர் இயக்கிய படம். பார்பரா ஸ்டான்விக்கும் பிரெட் மக்மரேயும் காதலும் பேராசையும் கொண்டு அவளுடைய கணவனைக் கொல்கிறார்கள். காப்பீட்டுப் பணம்தான் குறி. பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் காப்பீட்டு அதிகாரி கீஸாக ராபின்சன் வருகிறார். படம் முழுவதும் கீஸின் சுருட்டுக்கு நெருப்பு வைப்பவர் மக்மரே. முடிவில், குண்டடிபட்டுச் சாய்ந்து கிடக்கும் அந்தக் குற்றவாளி நண்பனின் சிகரெட்டுக்குக் கீஸ் நெருப்பு வைக்கிறார். அந்தக் கணத்தில் எங்கள் அறையில் ஒருவரும் பேசவில்லை.

நாஜிகளை எதிர்த்து முதலில் குரல் கொடுத்த நடிகர்களுள் அவரும் ஒருவர். 1939-லேயே 'கன்பெஷன்ஸ் ஆஃப் எ நாஜி ஸ்பை' படத்தில் நடித்தார். போர்க்காலத்தில் ஐரோப்பிய மக்களுக்குப் பல மொழிகளில் வானொலி வழியே பேசினார். பாசிச எதிர்ப்பு அமைப்புகளுக்கு வாரி வழங்கினார். போர் முடிந்ததும் அதுவே குற்றமாயிற்று! கம்யூனிஸ்டுகளுக்குத் துணை போனவரென்ற சந்தேகம் எழுந்தது. 1950-லும் 1952-லும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றார். தாம் ஏமாற்றப்பட்டதாக ஒப்புக்கொண்டு பணிந்தார். பெரிய வாய்ப்புகள் அற்றுப்போயின. அரை நூற்றாண்டு வாழ்ந்த நாட்டில், நான் உங்களவன்தான் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை! அவர் பணிந்தது சரியா என்று என்னைக் கேட்டால், விடை சொல்ல நாக்கு எழவில்லை. துரத்தப்பட்ட வீட்டில் பிறந்தவரின் அச்சத்தை, துரத்தப்படாத நான் எப்படி அளப்பேன்?

துன்பம் தனியே வரவில்லை. மணமுறிவின் பொருட்டு, உயிராய்ச் சேர்த்த ஓவியங்களை 1957-ல் கிரேக்கக் கப்பல் முதலாளி நியார்கோஸுக்கு விற்க நேர்ந்தது. அவரோ மனம் தளராமல் மீண்டும் ஓவியம் சேர்க்கத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டே, 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தில் டாத்தான் வேடம் தந்து, செசில் பி. டெமில் அவரைப் பெரும் படங்களுக்கு மீட்டு வந்திருந்தார்.

இறுதிப் படமான 'சாய்லண்ட் கிரீ'னில், தாமே விரும்பிச் சாவைத் தேடிச் செல்லும் முதியவராக நடித்தார். உண்மையிலேயே நோயுற்றிருந்த அவர், 1973 ஜனவரி 26-ஆம் நாள் மறைந்தார். ஒருமுறைகூட ஆஸ்கார் போட்டிக்குப் பெயர் முன்மொழியப்படாத அந்த மாபெரும் நடிகருக்கு, இரண்டு மாதம் கழித்துச் சிறப்பு விருது வழங்கப்பட்டது, மனைவி பெற்றுக்கொண்டார்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. ஒருகாலத்தில் அவரை ஐயுற்ற அதே நாடுதான்! அதிலும் அந்த 'ஜி' இருக்கிறது.

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் இப்போதும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். முன்போல் முகம் சுளிப்பதில்லை. நிமிர்ந்து பார்த்து, இதோ வந்துவிட்டேன் என்கிறேன்.