கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

அமெரிக்க தேசத்து நியூயார்க் நகரில் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் பிறந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையாரைப் பலரும் ஒரு விட்டிற்பூச்சியின் வாயிலாகவே அறிவர். 1947-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னுங் கணிப்பொறியினுள் அகப்பட்ட அப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். பொறியின் பிழைக்குப் பூச்சியென்னும் பெயர் அன்றே பிறந்ததென்பர். அப்பெயர் எடிசன் காலத்திலேயே வழங்கியதாம்! அம்மையாரின் மெய்யான பெருமை வேறிடத்துளது. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் ஆசிரியையாயிருந்த இவர், 1943-இல் கடற்படையின் சேமப்பிரிவிற் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டு சென்று மார்க் 1 பொறிக்கு நிரல் வகுத்தார். அந்நாளைய நிரல்கள் வெறும் எண்களாலாயவை. சம்பளக் கணக்குக்காகப் பொறியை நாடிய அலுவலகத்தார்க்கு, தமக்கென எழுதப்பெற்ற நிரல் தாம் வேண்டியதைத்தான் செய்கிறதாவென்று பார்த்தறிய வழியில்லை. ஆதலின், ஆங்கிலச் சொற்களால் நிரல் எழுதுதல் வேண்டுமென அம்மையார் வற்புறுத்தினார். பொறிக்கு ஆங்கிலம் விளங்காதென மேலோர் மறுத்தனர். அம்மையாரோ, பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாலும் அதே நிரலை ஓட்டிக்காட்டி அவர்களை மேலுந் திகைக்கச் செய்தார். இவ்வாறெழுந்த ஃப்ளோமேட்டிக் என்பதே, 1959-இல் தொடங்கிய கோபால் மொழிக்குப் பெரிதும் அடிப்படையாயிற்று.

1966-இன் இறுதியில் ஓய்வுபெற்றவரை 1967-இல் கடற்படை ஆறு திங்கட்கென மீண்டும் அழைத்தது. கோபால் நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலரை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கிற் செய்து விற்றமையால், ஓரிடத்து ஓடிய நிரல் பிறிதோரிடத்து ஓடாது நின்றது. விற்போர் சொல்லை நம்புவதன்றி வாங்குவோர்க்கு வேறு புகலில்லை. அம்மையாரின் குழுவினர் இதற்கெனச் சோதனை நிரல்களைக் கோபாலிலேயே எழுதினர். பொறிக்குப் பொறி வேறுபடும் சில பெயர்களை மாற்றினாற்போதும். அச்சோதனை எவர் கம்பைலரிலும் ஓடி, மொழியின் ஒவ்வோர் உறுப்பும் விதிப்படி இயங்குகிறதா, தவறுகிறதா எனத் தாளில் அச்சிட்டுத் தரும். கம்பைலரின் உள்ளமைப்பை அறியாதாரும் அதனை நடத்தலாம். உரைகல் இங்ஙனம் பொற்கொல்லன் கையினின்று வாங்குவோன் கைக்கு வந்தது. 1970-களில் பிற அரசாங்க அலுவலகங்களும் இம்முறையை மேற்கொண்டன.

ஆறு திங்கள் பல்லாண்டுகளாய் நீண்டது. 1986-இல், தமது 79-ஆம் வயதில், ரியர் அட்மிரல் பதவியினின்று ஓய்வுபெற்ற அம்மையார், அதன்பின்னும் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் ஆலோசகராய் அமர்ந்தார். 1992 ஜனவரி 1-ஆம் நாள் காலமாகி, ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.